ஓடும் லாரியும் ஓடும் கண்ணும்

பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியைக் கடந்து, கேளம்பாக்கத்தை எட்டுமுன் வருவது படூர். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். அதற்கும் அப்பால் கடல். ஒரு தலைமுறைக்கு முன் உழவு மாடுகள் நின்று நிதானமாகக் குறுக்கே சென்ற இந்தச் சாலை, இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ராஜபாட்டையாகி விட்டது. சாலை அகலமாயிற்று, வண்டிகள் பெருகின, வேகம் பெருகிற்று. ஊர் மட்டும் சாலையின் இரு பக்கத்திலும் முன்போலவே பிரிந்து கிடக்கிறது. பால் வாங்கவும், பஸ் ஏறவும், பள்ளிக்கூடம் போகவும் ஜனங்கள் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அவ்வாறு கடப்பவர்களுக்கு உள்ள ஒரே துணை அவர்களுடைய கண். அந்தக் கண் எவ்வளவு தூரம் நம்பத்தக்க துணை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதில் நமக்குச் சொந்தமான ஒரு கடன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்திரிகையை ஏற்று நடத்துவதற்கு முன் நாம் வக்கீலாகத் தொழில் செய்துவந்தோம். இந்தச் சாலையில் லாரி மோதி இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்திருந்தார். எதிர்த்தரப்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆஜரானவர் நாமே. அந்த அம்மையாரின் தரப்பில் இரண்டு கண்கண்ட சாக்ஷிகள் வந்தார்கள். முதலாமவர் டீக்கடைக்காரர். கடையில் நின்று எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாரி தம் பார்வையின் குறுக்கே பறந்தது என்றும், எண்பது தொண்ணூறுக்குக் குறையாது என்றும் சொன்னார். இரண்டாமவர் சாலையோரம் பூ விற்கும் ஒரு மூதாட்டி. லாரி தூரத்தில் தெரிந்தது முதல் தம்மைக் கடந்து போகும் வரை அதையே கண்ணால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். "ரொம்ப வேகமில்லீங்க, பஸ்ஸு போற வேகந்தான்" என்பது அவருடைய வாக்குமூலம்.

இத்தகைய முரண்பாடு குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்குக் கிடைத்த புதையல். நாம் அதை விடவில்லை. ஒருவர் சொல்வது உண்மையென்றால் மற்றவர் சொல்வது பொய் என்றும், இருவருமே சொல்லிக்கொடுத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்றும் வாதாடினோம். வேகத்தைப் பற்றிய இருவருடைய சாக்ஷியமும் தள்ளப்பட்டது. இறந்தவர் மீதும் சரிபாதி அஜாக்கிரதை சுமத்தப்பட்டு, நஷ்டஈடு பாதியாகக் குறைந்தது. அன்று மாலை வீடு திரும்பும்போது நமக்கிருந்த திருப்தியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில் அந்த இருவரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்டதையே சொன்னார்கள் என்று நாம் இன்று நம்புவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் சட்டப் புஸ்தகத்தில் இல்லை. கண்ணைப் பற்றிய சாஸ்திரத்தில் இருக்கிறது.

கண் என்பது ஒரு காமிரா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி உண்மை. முன்னே ஒரு வில்லை, பின்னே விழித்திரை, அதன்மேல் தலைகீழாக விழும் பிம்பம். இதுவரை ஒப்புமை சரியே. ஆனால் காமிராவை ஆட்டினால் படம் கலங்கிவிடும். கண்ணோ விழித்திருக்கும் நேரமெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது. விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையாகப் பார்ப்பதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறக்குறைய அவ்வளவு சிறிய வட்டத்தில்தான் தெளிவான பார்வை கிடைக்கிறது. ஆகையால் அந்தச் சிறு வட்டத்தை இங்குமங்கும் கொண்டுபோய் நிறுத்துவதற்காகக் கண் விநாடிக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் தாவுகிறது. இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகரின் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாக அவர் எண்ணலாம். அப்படியல்ல, தவளையைப்போல் தத்தித் தத்திப் போகிறது. பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் எமில் ஜாவால் 1879-ல் இதை எழுதிவைத்தார். படிக்கும்போது நேரும் ஒவ்வொரு தாவலும் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறு பொழுதில் உலகத்தின் பிம்பம் முழுவதும் விழித்திரையின்மேல் அதிவேகமாக இழுபடுகிறது. ஆயினும் நாம் அதைக் காண்பதில்லை. ஐயமிருப்பவர்கள் கண்ணாடி முன் நின்று தமது இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பார்க்கட்டும். தம் கண் அசைவதை அவர்கள் ஒருபோதும் காணமாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை அதைக் கண்டு சிரிக்கும்.

தாவலைத் தவிர இன்னொரு வகை அசைவும் உண்டு. பருந்து வானத்தில் வட்டமிடும்போது நம் கண் வழுக்கினாற்போல் அதைத் தொடருகிறது. இந்தத் தொடரசைவு விசித்திரமானது. தொடருவதற்கு ஒரு பொருள் இருந்தால்தான் அது வரும். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணை மெல்ல வழுக்கவிட முயன்றால் கண் கேட்காது, தாவத் தொடங்கிவிடும்.

இப்போது விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். ஒரு பொருள் ஓடுவதை நாம் இரண்டு விதமாகக் காணலாம். கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருந்தால், பொருளின் பிம்பம் விழித்திரையின்மேல் ஓடும். கண்ணே பொருளைத் தொடர்ந்து சென்றால், பிம்பம் விழித்திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். பின்னாலுள்ள மரங்களும் வீடுகளுமே எதிர்த்திசையில் ஓடும். விழித்திரையை மாத்திரம் நம்பினால் பருந்து நிற்கிறது, தென்னந்தோப்பு பறக்கிறது என்றுதான் நாம் முடிவு செய்ய வேண்டும். நாம் அவ்வாறு காண்பதில்லையே, ஏன்?

ஜெர்மனியின் பெரிய சாஸ்திரி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இதற்குச் சொன்ன விடை இன்றும் நிற்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் ஓரத்தில் இமையின்மேல் விரலால் மிக மெதுவாக அழுத்திப் பார்த்தால் உலகம் ஆடும். அதே கண்ணை அதன் சொந்தத் தசைகளால் அசைத்தால் உலகம் ஆடுவதில்லை. இரண்டிலும் பிம்பம் நகர்ந்தது. வித்தியாசம் உத்தரவில் இருக்கிறது. மூளை கண் தசைகளுக்கு ஓர் உத்தரவு பிறப்பிக்கும்போது, அதன் நகல் ஒன்றைப் பார்வையை விசாரிக்கும் இலாகாவுக்கும் அனுப்பிவைக்கிறது. "கண்ணை வலப்புறம் இவ்வளவு திருப்பச் சொல்லியிருக்கிறோம், ஆகவே பிம்பம் இடப்புறம் அவ்வளவு நகரும், அதைக் கழித்துக்கொள்க" என்பது அந்த நகலின் சாரம். விரலால் அழுத்தும்போது உத்தரவும் இல்லை, நகலும் இல்லை. ஆகையால் உலகம் ஆடுகிறது. கண் தசை வாதத்தால் செயலற்றுப்போன நோயாளி பக்கவாட்டில் பார்க்க முயன்றால் உத்தரவு உண்டு, அசைவு இல்லை. அப்போது அவனுக்கு உலகமே அந்தத் திசையில் துள்ளுகிறது. சர்க்கார் ஆபீஸ்களில் நகல் போய்ச் சேராததால் நேரும் குழப்பத்தை அனுபவித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1950-ல் வான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு ஈயின் தலையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டிவைத்துப் பரிசோதித்தார்கள். கழிக்க வேண்டியதைக் கூட்டத் தொடங்கிய அந்த ஈ, தான் எடுத்துவைத்த அடியினாலேயே மேலும் மேலும் சுழன்று, நிற்க முடியாமல் வட்டமிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி மீன்களின் கண்ணைத் திருப்பிவைத்து அதே முடிவுக்கு வந்தார். குரங்குகளின் மூளையில் அந்த நகல் எந்த வழியாகப் போகிறது என்பதையே 2002-ல் சாமர், வுர்ட்ஸ் இருவரும் தடம்பிடித்துக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் நகல் எப்போதும் துல்லியமானதல்ல. நம் வழக்கின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. வியன்னா நகரத்தின் பிளைஷல் 1882-லும், ரோஸ்டாக் நகரத்தின் ஔபர்ட் சில ஆண்டுகள் கழித்தும் கண்டறிந்த உண்மை ஒன்று: ஒரே வேகத்தில் ஓடும் ஒரே பொருளை, கண்ணை அசைக்காமல் பார்ப்பவனுக்கு அது வேகமாகவும், கண்ணால் தொடர்ந்து பார்ப்பவனுக்கு மெதுவாகவும் தோன்றுகிறது. எவ்வளவு மெதுவாக என்பது ஒளியையும் பொருளையும் சூழலையும் பொறுத்து மாறும். ஆனால் வித்தியாசம் உண்டு என்பதை அதன்பின் பல பரிசோதனைசாலைகள் உறுதி செய்திருக்கின்றன. கண் தொடர்ந்து சென்ற வேகத்தை மூளை சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறது. அதே கணக்குப் பிழையின் மறுபக்கத்தை 1922-ல் பிலேனெ எழுதினார்: கண் ஓடும் பொருளைத் தொடரும்போது, அசையாமல் நிற்கும் பின்னணி எதிர்த்திசையில் சிறிது நகர்வதுபோல் தோன்றும். கழித்தது போதவில்லை, மிச்சம் தெரிகிறது.

டீக்கடைக்காரர் எதிர்க்கடைப் பலகையில் கண்ணை நிறுத்தியிருந்தார். பூக்கார அம்மாள் லாரியைக் கண்ணால் தொடர்ந்தார். முன்னவருக்கு லாரி பறந்தது. பின்னவருக்கு நிதானமாகப் போயிற்று. இருவரும் வாக்குமூலத்தில் தாங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதைத் தாங்களாகவே சொல்லியிருந்தார்கள். அதன் பொருளை அறிந்துகொள்ளும் படிப்பு கூண்டுக்கு வெளியே நின்ற நமக்குத்தான் இல்லை.

இதெல்லாம் மேல்நாட்டார் தந்த வித்தை, நமக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆரியபடர் கி.பி. 499-ல் இயற்றிய நூலில், ஓடத்தில் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டி, நிலைத்து நிற்கும் நக்ஷத்திரங்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுவதும் அவ்வாறே என்று விளக்கினார். ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி என்ற பௌத்த தர்க்க ஆசிரியர் நியாயபிந்துவில் பிரத்தியக்ஷம் இன்னதென்று வரையறுக்க வந்தபோது, இன்னது பிரத்தியக்ஷமாகாது என்று சிலவற்றை விலக்கினார்: கண் நோய், விரைந்து சுழற்றுதல், ஓடத்தில் செல்லுதல், உடல் கலக்கம் முதலியவற்றால் மயங்கிய அறிவு. மயக்கத்தின் காரணம் புலனிலும் இருக்கலாம், பொருளிலும் இருக்கலாம், பார்ப்பவன் நிற்கும் இடத்திலும் இருக்கலாம் என்று உரைகாரர் தர்மோத்தரர் அந்தப் பட்டியலைப் பிரித்துக் காட்டினார். தர்மகீர்த்தி தென்னாட்டவர் என்பது திபெத்திய மரபு. அவர் சொன்ன விரைந்து சுழற்றும் கொள்ளியைப் பார்க்க யாரும் நூலைப் புரட்ட வேண்டாம்; கார்த்திகைத் திருநாளில் நம் கிராமத்துப் பிள்ளைகள் மாவளி சுற்றும்போது பொறிகள் ஒரு முழு வட்டமாக நிற்பதைப் பார்த்தாலே போதும். நம்முடைய கோர்ட்டுகள் பிரத்தியக்ஷத்தைப் பெரிய சாக்ஷியமாகப் போற்றுகின்றன. அதற்கு நம் முன்னோர் விதித்த விலக்குகளை மாத்திரம் மறந்துவிட்டன.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். பேரருவியில் நீர் விழும் ஓரிடத்தை ஒரு நிமிஷம் இமைக்காமல் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள பாறையைப் பார்த்தால் பாறை மேலே ஏறுவதுபோல் தோன்றும். ஸ்காட்லாந்து தேசத்து அருவி ஒன்றைப் பார்த்து ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-ல் இதை எழுதினார். கீழ்நோக்கிய ஓட்டத்தை அறியும் நரம்பணுக்கள் களைத்துப்போக, மேல்நோக்கியவை ஓங்குவதால் நேரும் மயக்கம் அது. மாமல்லபுரத்துப் பாறையில் கங்கை இறங்குவதைச் செதுக்கிய சிற்பி, நாகர்களை வெடிப்பின் வழியே மேலேறவிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த அருவியின் நினைவு வருகிறது. இது நம் கற்பனை மாத்திரமே. சிற்பியின் கருத்து இதுவென்று நாம் வாதாடவில்லை.

நம் காலத்திலும் இத்துறையில் நம்மவர் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், இல்லாத அசைவை மூளை எவ்வாறு இருப்பதாகக் காண்கிறது என்பதைப் பற்றி ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்பவருடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சிகள் உலகப் பிரசித்தமானவை. அரசியல் நிர்ணய சபையில் பெரும்பங்கு கொண்ட அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரின் பேரர் அவர் என்பது வக்கீல்களாகிய நமக்கு ஒரு தனிச் சந்தோஷம். டில்லியில் பிறவிக் குருட்டுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்வித்துப் பார்வை தரும் 'பிரகாஷ்' திட்டத்தை நடத்தும் பவன் சின்ஹாவும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட கட்டுரையொன்று நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து முதன்முதலாகப் பார்வை பெற்றவர்களுக்கு, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு உருவங்களைக் காட்டினால் எது எந்தப் பொருள் என்று பிரிக்கத் தெரியவில்லை. கோடுகளும் நிறத் துண்டுகளுமாகச் சிதறித் தெரிந்தன. அதே உருவங்களை அசைத்துக் காட்டியவுடன் பிரித்தறிந்துவிட்டார்கள். பொருளைக் கண்டபின் அசைவைக் காண்கிறோம் என்று நினைத்தோம். அசைவே பொருளைக் கற்றுக்கொடுக்கிறது.

அசைவைக் காணும் சக்தியை இழந்தால் என்ன ஆகும்? மியூனிக் நகரத்தில் ஒரு மாதுக்கு மூளையின் இரத்தக் குழாய்களில் நேர்ந்த அடைப்பினால் அந்தச் சக்தி மாத்திரம் போய்விட்டது. 1983-ல் ஜீல் என்பவரும் அவருடைய சகாக்களும் அவரைப் பற்றி எழுதினார்கள். நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது. கோப்பையில் டீ ஊற்றினால் அது உறைந்த பனிக்கட்டிபோல் நின்றது. எப்போது நிறைகிறது என்று அறிய முடியவில்லை. சாலையைக் கடக்க அவர் அஞ்சினார். தூரத்தில் இருந்த கார் அடுத்த க்ஷணத்தில் மேலே வந்து நின்றது. நடுவே வந்ததாகத் தெரியவில்லை. இன்னொருவர் டூபிங்கன் நகரத்து நோயாளி. அவருக்கு அசைவு தெரிந்தது. ஆனால் கண்ணசைவைக் கழிக்கும் கணக்குப் போய்விட்டது. எதையாவது கண்ணால் தொடர்ந்தால் உலகமே எதிர்ப்பக்கம் ஓடி, தலை சுற்றிற்று. 1997-ல் ஹார்மையரும் தீரும் இதை வெளியிட்டார்கள்.

இவர்கள் அபூர்வ நோயாளிகள் என்று விட்டுவிடலாகாது. அந்த மியூனிக் மாதின் கஷ்டத்தில் ஒரு சிறு பங்கு, படூர் சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு.

எதிரே நேராக நம்மை நோக்கி வரும் வண்டியின் விஷயம் வேறு. அது குறுக்கே ஓடுவதில்லை; கண்ணால் தொடருவதற்கு எதுவுமில்லை. அதன் பிம்பம் விழித்திரையில் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அந்தப் பெருக்கம் ஒன்றே வேகத்துக்கு அடையாளம். இங்கேதான் பயங்கரமான வஞ்சனை ஒளிந்திருக்கிறது. ஒரு பிள்ளை சாலையைக் கடக்க 5 விநாடி தேவை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 5 விநாடித் தொலைவில் ஏறக்குறைய 42 மீட்டர் தள்ளி இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அதே 5 விநாடித் தொலைவில் 111 மீட்டர் தள்ளி இருக்கும். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிகிறது; அது பெரிதாவதும் மெல்லத்தான் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் வேகமான காரின் பிம்பம் மெதுவான காரின் பிம்பத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் மெதுவாகப் பெருகுகிறது. அதாவது கொல்லக்கூடிய வண்டியே நிற்பதுபோல் தோன்றுகிறது. மோட்டார் சைக்கிளோ இன்னும் ஒடுக்கமானது. அதன் பிம்பம் இன்னும் மெல்லப் பெருகும்.

லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த வானும் அவருடைய சகாக்களும் 2011-ல் பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இதில் சோதித்தார்கள். பெருக்கத்தை உணரும் சக்தி வயதோடுதான் வளருகிறது என்பதும், மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டி நெருங்கி வருகிறது என்பதையே சிறு பிள்ளைகள் உணராமல் போகக்கூடும் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. "பார்த்துக் கடக்கக் கூடாதா?" என்று அடிபட்ட பிள்ளையை அதட்டுகிறோமே, அந்தப் பிள்ளை பார்த்துத்தான் கடந்திருக்கும். அதன் கண்ணுக்கு அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது.

பெரியவர்கள் சமாளிப்பது கண் கூர்மையால் மட்டுமன்று, அநுபவத்தாலும், ஊகத்தாலும். கிரிக்கெட் ஆட்டக்காரனைப் பாருங்கள். பந்தைக் கடைசி வரை பார் என்று கோச் சொல்லுகிறார். 2000-ல் லாண்ட், மக்லியாட் என்ற இருவர் ஆட்டக்காரர்களின் கண்ணில் கருவி பூட்டிச் சோதித்தபோது, அவர்கள் அப்படிச் செய்வதில்லை என்று தெரிந்தது. பந்து கையை விட்டதைச் சிறிது பார்த்தபின், அது தரையில் எங்கே குத்தும் என்று ஊகித்துக் கண் முன்கூட்டியே அங்கே தாவிக் காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரனின் கண் சற்று முந்தித் தாவுகிறது. சேப்பாக்கத்து மைதானத்தில் ஆயிரம் பந்துகளைச் சந்தித்துப் பெற்ற ஊகம் அது. சாலை கடக்கும் பிள்ளைக்கு ஆயிரம் லாரிகளைச் சந்தித்துக் கற்றுக்கொள் என்று சொல்ல முடியுமா?

சர்க்கார் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு யுத்தத்தில் இவ்வளவு பேர் மடிந்தால் பார்லிமெண்ட் கூடும், கொடிகள் தாழும். நடந்து போகிறவன் செத்தால் நான்காம் பக்கத்தில் நான்கு வரி. நம் பத்திரிகையும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல. கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதால்தான், 2014-ல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஏற்பட்டது. ஆபரேஷன் மேஜையில் ஒடிந்த எலும்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர் அது போதாதென்று கோர்ட்டுப் படியேறினார். நாம் படியிறங்கியபோது செய்தது வேறு.

கோர்ட்டுகளில் என்ன மாற வேண்டும்? 1998-ல் கர்நாடக மாகாணத்துக்கும் சதீஷ் என்ற டிரைவருக்கும் நடந்த வழக்கில், 'அதிவேகம்' என்பது ஒப்புநோக்கிச் சொல்லும் சொல்லே என்றும், அது மாத்திரமே அஜாக்கிரதைக்கு ருசுவாகாது என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எந்தச் சாக்ஷியும் வேகம் இவ்வளவென்று உத்தேசமாகக்கூடச் சொல்லவில்லை என்பதும் அங்கே குறிக்கப்பட்டது. தீர்ப்பின் நியாயத்தில் நமக்கு மறுப்பில்லை; டிரைவரும் ஏழைதான். ஆனால் சாக்ஷி எண்ணைச் சொன்னாலும் அந்த எண் அவர் கண்ணை எங்கே வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது என்பதை வக்கீல்களும் நீதிபதிகளும் இனியேனும் அறிய வேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டம் வந்துவிட்டது. பெயர் சம்ஸ்கிருதமாயிற்று, குறுக்கு விசாரணையின் குணம் மாறவில்லை. வேகத்தைக் கண்ணால் அளக்க வேண்டிய அவசியமும் இப்போது குறைந்துவிட்டது. சாலையோரக் கடைகளில் காமிரா இருக்கிறது; பஸ்களிலும் வாடகை வண்டிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது; தாரின்மேல் பிரேக் தேய்ந்த தடம் இருக்கிறது. இவற்றை விபத்து நடந்த அன்றே கைப்பற்றும் கடமையைப் போலீஸார் தட்டிக்கழிக்காதிருந்தால், பூக்கார அம்மாளைக் கூண்டில் ஏற்றி வதைக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம். விண்ணப்பதாரர் 25 மீட்டர் தூரத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் மோட்டார் காரின் நம்பர் பலகையைப் படிக்க முடியுமா என்று தாமே எழுதிக்கொடுக்கிறார். நிற்கும் காரின் பலகை! ஓடும் உலகத்தில் வண்டி ஓட்டப் போகிறவனுக்கு அசையாத எழுத்தில் பரீக்ஷை. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டியவனுக்கு வேகம் குறைந்தாற்போல் மரத்துப்போகும் என்பதும், விரிந்த சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும்போது தான் மெதுவாகச் செல்வதாக அவன் மனமாரக் கருதுவான் என்பதும் அவனுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அவனுக்கு வேகமானியைப் பார்க்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். தன் கண்ணை நம்பக் கூடாது.

ஆனால் எல்லாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டியது எளியது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பலகை நாட்ட ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரமிருக்கிறது. ஜனங்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் மகாநாடு வற்புறுத்திற்று. பிள்ளைகளின் கண் சக்தியும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் முடிகிறது என்பதை மேலே பார்த்தோம். படூரில் ஜனங்கள் சாலையைக் கடக்கும் இடங்களிலும், பள்ளிகளின் வாயிலிலும் இந்த வரம்பு வர வேண்டும். வெறும் பலகை போதாது. வண்டி தானாகவே மெதுவாகும்படி சாலையை மேடாக்கி, சிவப்பு விளக்கும் வைக்க வேண்டும். நடைமேம்பாலம் கட்டுகிறோம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். முழங்கால் வலிக்கும் கிழவியும், தலையில் சுமையோடு வருபவளும் படியேறி இறங்க மாட்டார்கள் என்பது அதைக் கட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். பள்ளி விட்டிருந்தது. புஸ்தகப் பை தோளில் தொங்க, பத்து வயதுக்கு மேற்படாத நாலைந்து பிள்ளைகள் சாலையின் நடுத்திட்டில் நின்றார்கள். ஒரு பெண் குழந்தை தெற்கே பார்த்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் ஒற்றை விளக்கோடு ஒரு மோட்டார் சைக்கிள். "வரல்லே, வா" என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தி நிறுத்தினார். வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

கலெக்டரும் நெடுஞ்சாலை இலாகாவும் பலகை நாட்டும் வரையில் உபாத்தியாயர்களையும் பெற்றோர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே: வண்டி வருகிறதா இல்லையா என்பதைப் பிள்ளையின் கண்ணிடம் கேட்காதீர்கள். பள்ளி விடும் வேளையில் பெரியவர்கள் இருவர், ஆளுக்கொரு பக்கமாகக் கொடி பிடித்து நின்று, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடட்டும். அந்த டீக்கடைக்காரர் தாம் ஒருவராக நிற்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் வேண்டும்.